நீளவாக்கில் நின்ற புல்

ஜனவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இத்தனை மாதம் கோபத்தை வாடாமல் காப்பாற்ற உடம்பில் தெம்பு வேண்டுமே! நான் நலம். உன் அண்ணனும் நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் வீட்டு நம்பரைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் கவிழ்த்து வைப்பாய் என்று தெரிந்துதான் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன்.

கூடவே ஒரு சின்னத் துணிப்பை இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திற. உள்ளே இருப்பது நம் வயலில் நின்ற குதிரைவாலிப் புல்லின் விதை. எந்தப் புல்லைக் காட்டி உன் அண்ணன் நடுத்தெருவில், "மருந்தை வெளிய வித்துட்டு என் வயலுக்குத் தண்ணிய அடிச்சிருக்கீங்க"ன்னு உன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாரோ, அதே புல். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகில் மாட்டியிருந்த ஸ்பிரேயரை இறக்கி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் பம்பு அறையில்தான் கிடக்கிறது. உன் அண்ணன் அதைத் தொடுவதும் இல்லை, என்னைத் தொடவிடுவதும் இல்லை.

அதற்கப்புறம் வேறு யாரும் அவரை மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. நீங்கள் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன், கேள்.

அறுவடைக்கு முன்னால் அந்தப் புல்லைப் பிடுங்கலாம் என்று இறங்கினேன். வாய் நிறையத் திட்டிக்கொண்டுதான் போனேன். கிட்டே போனதும் திட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு அழகாக நின்றது தெரியுமா! நெல்லைவிட அரை முழம் உயரம், கதிர் வளைந்து, இலை பளபளவென்று. தண்ணீர் கலந்த மருந்து என்றே வைத்துக்கொள். கொஞ்சமாவது பட்டிருக்கும்தானே? ஒரு நுனியாவது மஞ்சளாகியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. மருந்து என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாத மாதிரி நின்றது.  கதிரை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

களைகளை ஆராய்கிற இடத்தில்தான் உனக்கு வேலை. இந்தப் புல்லிடமே கேட்டுப் பார். மனுஷங்க யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

உன் அண்ணி

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

பை வந்தது. விசிறியை நிறுத்தச் சொன்னதைப் பையைத் திறந்த பிறகுதான் படித்தேன். பாதி விதை கட்டிலுக்கு அடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பொறுக்கினேன். இவர் கேட்டதற்கு, கடுகு கொட்டிவிட்டது என்றேன். இங்கே நாங்கள் இருப்பது இரண்டு அறை. கீழே பம்பு பழுதுபார்க்கும் கடை, அங்கேதான் இவருக்கு வேலை. மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தட்டு டம்ளர் எல்லாம் பேச ஆரம்பித்துவிடும். இவர்தான் பேசுவதில்லை.

அண்ணி, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா? நான் இந்த விதையைத் தொட்டியில் முளைக்கவைத்து, கலப்படமில்லாத மருந்தைச் சரியான அளவில் அடிப்பேன். புல் நின்றால், இவர் அடித்தது நல்ல மருந்துதான் என்று ஆகும். சரி. செத்துவிட்டால்? நல்ல மருந்துக்குச் சாகிற புல் அன்றைக்கு ஏன் சாகவில்லை? அண்ணன் சொன்னதுதான் உண்மை என்று ஆகும். அதை நானே என் கையால் நிரூபித்தவளாக ஆவேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு இவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவு பெரிய வயலுக்கு மருந்தடித்துவிட்டு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று அன்றே தோன்றியது. கேட்கவில்லை. அண்ணன் கத்தியபோது இவர் பதில் சொல்லாமல் நின்றார் பாருங்கள், அப்போது அது மறுபடியும் தோன்றியது. இப்போதும் சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது வந்து குத்துகிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

விதையை ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். முளைக்கப்போடத் தைரியம் வரவில்லை.

நாத்தனார்

*

பிப்ரவரி 9

அடி அசடே,

சீக்கிரம் வந்தார், ஏனென்றால் சீக்கிரம் போனார். காற்று எழும்புவதற்குள் முடிக்கவேண்டும் என்று வெளுக்கும்போதே வயலில் நின்றார். நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பாய். பல் தேய்க்க வாசலுக்கு வந்த நான் பார்த்தேன். இதை நீ அன்றே என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அவர் போனதைத்தான் பார்த்தேன், டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை; அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணனுக்காகத்தான் இந்தச் சோதனை என்று நினைத்துக் கேட்டேன். இப்போது உனக்காகத்தான் என்று தெரிகிறது. சந்தேகத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாமல் அப்படியே இருக்கும். எடுத்து வெளியே போடு. செத்தால் சேர்ந்து அழுவோம். நின்றால் உன் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விதை எப்படி முளைக்கிறது என்று எழுது. கரண்ட் பில்லுக்குக்கூட இவ்வளவு ஆவலாக நான் காத்திருந்ததில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நிற்கிறது.

நிற்கிறது அண்ணி! எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் ஒரு மூலையை எங்கள் தலைமை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். ஒரு பக்கம் நம் வயல் புல். இன்னொரு பக்கம் இதே குதிரைவாலிப் புல்தான், ஆனால் எங்கள் வளாகத்துக்குப் பின்னால் யாரும் எப்போதும் மருந்தே அடிக்காத ஓடைக்கரையிலிருந்து எடுத்த விதை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே நாளில் ஒரே மருந்து. சில தொட்டிகளுக்குச் சரியான அளவு, சிலவற்றுக்கு இரண்டு மடங்கு, நான்கு, எட்டு.

முதல் சில நாள் எல்லாமே ஒன்றுபோலச் சும்மா இருந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஓடைக்கரைப் புல் மஞ்சளாகிப் படுத்தது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. நம் புல்லுக்குச் சரியான அளவில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மடங்கிலும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு மடங்கில் கொஞ்சம் யோசித்தது, பிறகு புது இலை விட்டது. எட்டு மடங்கில் எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்துத் தொட்டிகளை எடுக்கப் போனேன். ஒரு தொட்டியில் ஒன்றே ஒன்று, செத்த இலைகளுக்கு நடுவிலிருந்து பச்சையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயிலில்கூட நான் இப்படி உட்கார்ந்ததில்லை.

நம் உடம்புக்குள் போகும் விஷத்தைக் கல்லீரல் உடைத்துப்போடுகிறது அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலையை இந்தப் புல் தன் இலைக்குள்ளேயே செய்துகொள்கிறதாம். தலைமை அம்மா சொன்னார். "எப்போ மேடம் இது கத்துக்கிச்சு?" என்று கேட்டேன். சிரித்தார். "கத்துக்கவே இல்லம்மா. பொறக்கும்போதே இப்படித்தான்" என்றார். மருந்து என்று ஒன்று வருவதற்கு முன்பே, எண்ண முடியாத விதைகளுக்கு நடுவில் எங்கோ ஒரு விதை இப்படிப் பிறந்திருக்கிறது. அப்போது அந்தத் திறமையால் அதற்கு ஒரு பயனும் இல்லை. பிறகு ஒருநாள் மருந்து வந்தது. சுற்றியிருந்த சொந்தபந்தமெல்லாம் செத்தது. வயல் முழுவதும் இதற்கு. நாம் மருந்தை மாற்றாமல் ஒவ்வொரு போகமும் அதையே அடித்து, இதற்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொன்னார். நாற்றாக இருக்கும்போது இந்தப் புல்லும் நெல்லும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்குமே, ஏன் தெரியுமா? காலம்காலமாகக் களையெடுத்த கைகள், வித்தியாசமாகத் தெரிந்ததை மட்டும் பிடுங்கின. நெல் மாதிரி இருந்தது தப்பியது. அதன் பிள்ளைகளில் இன்னும் நெல் மாதிரி இருந்தது தப்பியது. நம் கண்ணை ஏமாற்றும்வரை நாமே அதைச் செதுக்கியிருக்கிறோம் அண்ணி! இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்னதாக ஒரு வெள்ளை நாக்கு இருக்கும், புல்லுக்கு அது மொட்டை. மிஞ்சியிருக்கிற அடையாளம் அவ்வளவுதான். இவரைத் தவிர அதை யாரும் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

இவர் தண்ணீர் அடிக்கவில்லை. நல்ல மருந்துதான் அடித்தார். கண்ணாடி வீட்டிலேயே அழுதேன். இன்னும் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஏன் சோதித்தாய் என்று கேட்பாரே.

அண்ணனிடம் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

ஏப்ரல் 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் முன்னால் சத்தமாகப் படித்தேன். அவர் பேப்பர் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டவே இல்லை. பிறகு சொன்னார்: "தொட்டி அவளோடது. மருந்து அவளோடது. புருஷனும் அவளோடது. அங்க புல்லு சாகுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அதற்குள் அவரே, "இந்தப் போகம் நானே அடிக்கிறேன். சீல் உடைக்காத டப்பா, என் கை. அப்புறம் புல்லு எங்க இருந்து வருதுன்னு பார்க்கலாம்" என்றார்.

சரி, பார்க்கலாம் என்றேன். அந்த எட்டு மடங்குப் பிள்ளை எப்படி இருக்கிறது? அதை நினைத்தால் எனக்கு வீட்டு வேலை ஓடமாட்டேன் என்கிறது. என்ன ஜென்மமடி அது!

அண்ணி

*

ஜூலை 18

வாயாடி,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

விதைத்தோம், சேற்றில் பயிர் வந்தது. உன் அண்ணன் புது ஸ்பிரேயர் வாங்கி, கடையில் எல்லாரும் பார்க்க சீல் உடைத்து, தானே அடித்தார். முதுகுவலியில் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். எதிர்வீட்டுத் தையல்காரர் வரப்பில் நின்று, "சொந்தக் கையால அடிச்சா தனி ருசிதான்" என்று நக்கல் வேறு. அவருக்கு நம் வயலுக்குப் பக்கத்து வயல்.

நேற்று மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வை மூட இரும்பு ஏணியில் ஏறினேன். மூடிவிட்டு இறங்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வரப்பில் நின்றால் இது தெரியாதடி. மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. நம் வயலில் கோடு கோடாகப் புல் நிற்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு புல் இல்லை, துடைத்துவைத்த மாதிரி சுத்தம். நடுவில் இருந்ததெல்லாம் செத்திருக்கிறது என்றால் மருந்து நல்ல மருந்து. அப்படியானால் கோட்டில் நிற்பது மட்டும் ஏன் நிற்கிறது?

மருந்தடிக்கிறவர்கள் எப்போதும் குறுக்கேதானே போவார்கள்? நீளப்பக்கத்து வரப்பில்தான் தண்ணீர் டிரம் இருக்கிறது, அங்கே நிரப்பிக்கொண்டு எதிர் வரப்புக்குப் போய்த் திரும்புவார்கள். உன் வீட்டுக்காரரும் அப்படித்தான், உன் அண்ணனும் அப்படித்தான். எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் குறுக்குவாட்டில் விட்டுப்போயிருக்கும். இந்தக் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும். தினமும் வாசலில் பார்க்கிற அகலம் அது. நம் அறுப்பு வண்டியின் வாய் அகலம்.

உன் அண்ணன் அந்த வண்டியை "மூத்த பிள்ளை" என்றுதான் சொல்வார், தெரியுமே. மழை வந்தால் எனக்குக் குடை இருக்கிறதோ இல்லையோ, அதற்குத் தார்ப்பாய் உண்டு. இந்த வட்டாரத்தில் பாதி வயலை அதுதான் அறுக்கிறது. அது கதிரை முன்னால் வாங்கிக்கொண்டு, நெல்லை வைத்துக்கொண்டு, தூசியையும் புல்விதையையும் பின்பக்கமாகத் துப்பிக்கொண்டே போகும். உழுவதும் நீளவாக்கில் என்பதால் துப்பிய கோடு அப்படியே இருக்கிறது.

தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு எட்டியவரை பார்த்தேன். நம் வண்டி அறுத்த வயல் எல்லாவற்றிலும் கோடு. தையல்காரர் வயலில் மட்டும் ஒன்று இல்லை. மிஷின் அறுத்தால் நெல் சிதறும் என்று, ஆள் வைத்துக் கையால் அறுக்கிற மனுஷர் அவர். அவர் வயல் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

எங்கேயோ ஒரு வயலில் பிறந்த ஒரே ஒரு செடி. அதன் பிள்ளைகள் நம் மூத்த பிள்ளையின் வயிற்றில் ஏறி ஊரெல்லாம் இறங்கியிருக்கின்றன. யார் கண்ணிலும் படாமல் இவ்வளவு பெரிய கோலத்தை ஒரு புல் போட்டிருக்கிறது. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. 

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

அண்ணி

*

ஜூலை 29

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். 

தலைமை அம்மாவிடம் கேட்டேன். இப்படி நடப்பது உண்டு என்கிறார். வண்டியின் உள்ளே சந்துபொந்தில் தங்குகிற விதை அடுத்த வயலில் உதிருமாம். நீங்கள் கண்டுபிடித்ததைக் கேட்டு, "உங்க அண்ணிய இங்க வேலைக்கு அனுப்புறீங்களா?" என்றார். நான், "அண்ணன் வீட்டுல யார் சமைப்பாங்க மேடம்?" என்றேன். சிரிப்பெல்லாம் அதோடு சரி.

சொல்லாதீர்கள் அண்ணி.

இவர் பெயர் சுத்தமாக வேண்டும் என்றுதான் நான் இத்தனை மாதம் சாமி வந்தவள் மாதிரி ஆடினேன். ஆனால் வண்டிதான் களையைப் பரப்புகிறது என்று வெளியே தெரிந்தால் யார் அண்ணனை அறுப்புக்குக் கூப்பிடுவார்கள்? போன வருஷம் ஒரே வார்த்தையில் இவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்களே, அதே ஜனம்தானே? எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வர உங்கள் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் குற்றமில்லாதவர் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டிகளைப் பற்றிச் சொன்னதும் ஸ்பானரைக் கீழே வைத்தார். "நீயே சந்தேகப்பட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். அதைவிடச் சின்ன வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ரொம்ப நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கி, "எட்டு மடங்குக்குமா நிக்குது?" என்று கேட்டார். அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டுமே அண்ணி! இங்கே வந்ததிலிருந்து நான் பார்க்காத கண்.

மறுநாளே வந்து பார்த்தார். இலையை விரித்து, அந்த மொட்டை இடத்தை விரலால் தடவிக்கொடுத்தார். வண்டி விஷயத்தைச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. "மச்சான்கிட்ட சொல்ல வேணாம்னு உன் அண்ணிக்கு எழுது. அவர் தாங்க மாட்டார்" என்றார்.

அவரே சொல்கிறார் அண்ணி. விட்டுவிடுங்கள்.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 11

என் தங்கமே,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது நான் உன் அண்ணனை ஏணியில் ஏற்றி இறக்கியாகிவிட்டது. முன்பே வந்திருந்தாலும் ஏற்றியிருப்பேன். ஒரு மனுஷர் செய்யாத தப்புக்கு ஊரைவிட்டுப் போயிருக்கிறார். என் அடுப்பு எரிகிறது என்று நான் சும்மா இருந்தால் அதில் வேகிற சோறு எனக்கு எப்படி இறங்கும்?

தொட்டியில் ஓட்டை என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனேன். "எங்கடி ஓட்டை?" என்றார். "அப்படித் திரும்பிப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் விரல் தானாகவே நீண்டு ஒவ்வொரு கோடாகப் போயிற்று. பிறகு பக்கத்து வயல், அதற்கடுத்த வயல். தையல்காரர் வயலுக்கு வந்ததும் விரல் நின்றது. "நான்தான் விதைச்சிருக்கேனா?" என்றார். குரல் குழந்தை மாதிரி இருந்தது. சேர்ந்து உட்கார்ந்தோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வண்டியைத் தெருவுக்கு ஓட்டிவந்தார். தார்ப்பாயை விரித்தார். மூடி ஒவ்வொன்றாகக் கழற்றி, காற்றுக்குழாய் வைத்து ஊதி, மூலைமுடுக்கெல்லாம் கம்பியால் நோண்டினார். கொட்டியது பார், நெல்லும் தூசியுமாக, அதற்குள்ளே புல்விதை. கூட்டம் கூடிவிட்டது. போன வருஷம் எந்த இடத்தில் நின்று கத்தினாரோ அதே இடம். ஒரு பிடி விதையை அள்ளி எல்லாருக்கும் காட்டினார். "இதைக் கொண்டுவந்து உங்க வயல்ல போட்டது என் வண்டி. மாப்பிள்ளை நல்ல மருந்துதான் அடிச்சார். நான் சொன்னது தப்பு" என்றார்.

ஒருவர், "அப்போ எங்க பயிருக்கு யார் பதில் சொல்றது?" என்று எகிறினார். இரண்டு பேர் இந்த முறை அறுப்புக்கு வரவேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில் தையல்காரர்தான், "ஒவ்வொரு வயல் முடிஞ்சதும் இப்படி ஊதித் தட்டிட்டுக் கிளம்புய்யா. செஞ்சா என் வயலையும் தர்றேன்" என்றார். ஆயுசில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து நக்கல் இல்லாமல் ஒரு வாக்கியம்!

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் நேற்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இன்று காலையில் எழுந்து பார்த்தால் பம்பு அறை திறந்திருக்கிறது. உன் வீட்டுக்காரரின் ஸ்பிரேயரைக் கழுவித் துடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். "எங்க?" என்றேன். "பஸ்ஸுக்கு" என்றார். அதைக் கையில் எடுத்துப்போகலாமே என்றேன். கேட்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவர் உன் வாசலுக்கு வந்துவிடுவார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார். வந்ததும் எல்லாம் மறந்துவிடும், "சாப்பிட்டீங்களா?"ன்னுதான் கேட்பார். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்.

கதவைத் திறடி.

அண்ணி

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கதவைத் திறந்தது நான் இல்லை, இவர்.

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தால் அண்ணன் நிற்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது, முதுகில் ஸ்பிரேயர். இவர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். நீங்கள் சொன்னது அச்சு பிசகவில்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் அண்ணன். இவர், "நீங்க முதல்ல அதை இறக்குங்க மச்சான்" என்று பின்னால் போய், வாரைக் கழற்றி, தானே வாங்கி வைத்தார். நான் அழுததில் மடித்த துணியெல்லாம் மறுபடி துவைக்கவேண்டியதாயிற்று.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன், "அந்தப் புல்லைப் பார்க்கணும்" என்றார். மூவரும் கண்ணாடி வீட்டுக்குப் போனோம். எட்டு மடங்குப் பிள்ளை இப்போது கதிர் விட்டிருக்கிறது. விதை உதிராமல் வலைப்பை கட்டியிருக்கிறேன். பக்கத்தில், பார்ப்பவர்களுக்குக் காட்டுவதற்காக ஓடைக்கரைப் புல்லின் செத்த தொட்டிகளை அப்படியே வைத்திருக்கிறேன். அண்ணன் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து அதன் முன்னால் நின்றார். வாழ்நாள் முழுக்கத் திட்டிய புல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் அண்ணி. யாரும் சொல்லவில்லை.

"இவ்வளவு ஊத்தியும் நிக்குதே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். உதடு கோணியது.

"உங்க மேலயும் நான் கொஞ்சமாவா ஊத்தினேன், மாப்பிள்ளை?"

இவர் அண்ணன் தோளில் கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.  நான் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவர்களைப் பார்க்க முடியாமல்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, எங்கள் வழக்கப்படி, உடம்பைத் தட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒரு விதைகூட வெளியே போகக்கூடாது. அண்ணன் சட்டையைத் தட்டினார், பையைத் திருப்பிக் காட்டினார். இவர் திடீரென்று குனிந்து, அண்ணனின் பேன்ட் மடிப்புக்குள் விரலை விட்டு, ஒரே ஒரு விதையை எடுத்தார்.

"ஏறிட்டியா உள்ள! வந்த வேலையப் பாரு" என்று அந்த விதையைப் பார்த்து அதட்டினார் அண்ணன். இவர் சிரித்துவிட்டார். அண்ணி, இவருக்குச் சிரிப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது.

அண்ணன் நாளை கிளம்புகிறார். இவரும் கூட வருகிறார், அறுவடைக்கு. வண்டியை ஒவ்வொரு வயலிலும் யார் சுத்தம் பார்ப்பது என்று இருவரும் இப்போதே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் வருவேன்.

தொட்டி ஏணியைத் துடைத்து வையுங்கள். எனக்கும் மேலே ஏறிப் பார்க்கவேண்டும்.

உங்கள் வாயாடி